மூன்று கிரெடிட்டும் யுரேனஸின் வளையமும்

அன்புள்ள ஆசிரியருக்கு, வணக்கம்.

ஆன்லைனில் படிக்கும் பாடத்துக்குக் கல்லூரியில் கிரெடிட் (பட்டத்துக்குச் சேர்க்கும் பாட மதிப்பு) கொடுப்பதே ஏமாற்று வேலை, பிள்ளைகள் வீடியோவை ஓடவிட்டுவிட்டுத் தூங்குகிறார்கள் என்று சென்ற வாரம் இதே பகுதியில் ஒரு வாசகர் எழுதியிருந்தார். தூங்குகிறவர்கள் உண்டுதான். பஸ் கிளம்பும் முன்பே முதல் சீட்டில் தூங்கிவிடுகிறவர்களை 29 வருடம் பார்த்தவன் நான். அவர்கள் தூங்கினார்கள் என்பதால் வண்டி ஊர் போய்ச் சேரவில்லை என்று யாரும் சொன்னதில்லை.

நான் அரசுப் பேருந்து ஓட்டுநராக இருந்து சென்ற ஆண்டு ஓய்வு பெற்றவன். ஊர் ஆலங்காயம். காவலூர் வழியாக ஜமுனாமரத்தூர் போகும் மலைப்பாதையில்தான் என் சர்வீஸ் பாதி கழிந்தது. படிப்பு பிளஸ் டூ, அதுவும் இரண்டாவது தடவையில். மகள் பி.எஸ்சி. இயற்பியல் படிக்கிறாள். 2025 ஜனவரியில், நான்காவது செமஸ்டரில், மத்திய அரசின் ஸ்வயம் என்ற ஆன்லைன் பாடத் தளத்தில் சூரியக் குடும்பம் பற்றிய அறிமுகப் பாடம் ஒன்றை எடுத்தாள். 12 வாரம், 3 கிரெடிட். யார் வேண்டுமானாலும் சேரலாம், படிக்கக் காசு கிடையாது, தேர்வு எழுதுவதானால்தான் 1,000 ரூபாய் என்று அவள் சொன்னதும் நானும் பதிவு செய்தேன். வானத்தின் மேல் இருந்த ஆசை என்று பெருமையாகச் சொல்லிக்கொள்ளலாம். ராத்திரி பத்து மணிக்கு மேல் இந்தப் பெண் போனில் என்னதான் பார்க்கிறாள் என்ற கவலைதான் உண்மைக் காரணம்.

முதல் இரண்டு வாரம் எனக்கு ஒன்றும் ஓடவில்லை. பாடம் ஆங்கிலத்தில். ஆசிரியர் நல்லவர், நிதானமாகத்தான் பேசினார், ஆனாலும் என் காதுக்குள் அது ஹைவேயில் போகிற வண்டி மாதிரி கடந்து போய்விடும். மகள் ஒரு பழைய டைரியில் எனக்காகச் சொற்களை எழுதிக் கொடுத்தாள். கோள், துணைக்கோள், குறுங்கோள், நீள்வட்டம், மறைப்பு. கேட்டால் பாதி எனக்கு முன்பே தெரிந்தவை. விடிவெள்ளியைப் பார்த்து முதல் ட்ரிப் எடுத்தவனுக்கு வெள்ளி எது என்று யாரும் சொல்லித்தர வேண்டாம். அது விடியற்காலையில் சில மாதம், சாயங்காலத்தில் சில மாதம் என்று ஏன் ஷிப்ட் மாறுகிறது என்பதுதான் தெரியாமல் இருந்தது. நமக்கு உள்வட்டத்தில் சுற்றுவதால் அது சூரியனை விட்டு ரொம்பத் தூரம் விலகி நிற்க முடியாது. சூரியனுக்கு முன்னால் எழும், அல்லது பின்னால் விழும்.

மூன்றாவது வாரம் வக்கிரம் வந்தது. பஞ்சாங்கத்தில் 'செவ்வாய் வக்கிரம்' என்று போட்டிருப்பார்களே, அதுதான். கிரகம் கொஞ்ச நாள் பின்னோக்கிப் போகிறது என்பதைக் கோபித்துக்கொண்டு திரும்புவதாகவே நான் அதுவரை எண்ணியிருந்தேன். ஆசிரியர் படம் போட்டு விளக்கினார். புரியவில்லை. மகள்தான், "அப்பா, நீ லாரியை ஓவர்டேக் பண்றப்ப ஜன்னல் வழியா பாரேன். அந்த லாரியும் முன்னாடிதான் போகுது. ஆனா தூரத்து மலைய வச்சுப் பார்த்தா பின்னாடி போற மாதிரி இருக்கும்ல?" என்றாள். அவ்வளவுதான். பூமி உள்வட்டத்தில் வேகமாகப் போகிற வண்டி. செவ்வாய் வெளிவட்டத்தில் மெதுவாகப் போகிற லாரி. நாம் முந்தும்போது அது நட்சத்திரங்களுக்கு எதிரே பின்வாங்குவது போலத் தெரிகிறது. இத்தனை வருடம் தினம் பத்து தடவையாவது நான் செய்த காரியம் அது.

அந்த ஜனவரியில் செவ்வாய் உண்மையிலேயே வக்கிரத்தில் இருந்தது. சாயங்காலம் கிழக்கே, புனர்பூசத்தின் இரட்டை நட்சத்திரங்களுக்குப் பக்கத்தில் சிவப்பாக நின்றது. மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டி மேல் உட்கார்ந்து வாரம் ஒரு தடவை அதன் இடத்தை டைரியில் புள்ளி வைத்தேன். பிப்ரவரி கடைசியில் புள்ளி நின்று, பிறகு திரும்பியது. யாரும் மார்க் போடாத வீட்டுப்பாடம்.

கோளின் தூரத்தை வைத்து அது சுற்றும் காலத்தைச் சொல்லும் கெப்ளரின் மூன்றாவது விதியைப் பற்றியும் சொல்ல வேண்டும். சூரியனிலிருந்து பூமிக்கு உள்ள தூரத்தை 1 என்று வைத்துக்கொண்டால் சனி சுமார் 9.5. அதை மூன்று தடவை எழுதிப் பெருக்கினால் 857. அதற்கு வர்க்கமூலம் எடுத்தால் 29-க்குச் சற்று மேல். சனி சூரியனை ஒரு தடவை சுற்ற ஆகும் வருடம் அதுதான். நான் ஸ்டியரிங் பிடித்த காலம் மொத்தமும் சனிக்கு ஒரே ஒரு ட்ரிப். 12 ராசிக்கும் பங்கு போட்டால் ராசிக்கு இரண்டரை வருடம். மூன்று ராசி சேர்ந்தால் ஏழரை. ஏழரைச் சனி என்ற கணக்கு எங்கிருந்து வந்தது என்று எனக்கு 61 வயதில்தான் தெரிந்தது. வியாழனுக்கு 5.2 போட்டுப் பாருங்கள், 12 வருடத்துக்குக் கொஞ்சம் குறைவாக வரும். வருடத்துக்கு ஒரு குருப்பெயர்ச்சி, 2004-ல் ஒரு மகாமகம், 2016-ல் அடுத்தது, எல்லாம் அதற்குள் அடங்கிவிடுகிறது. சனிப்பெயர்ச்சி 2025 மார்ச்சில் என்று திருக்கணிதப் பஞ்சாங்கமும், இல்லை 2026-ல்தான் என்று வாக்கியப் பஞ்சாங்கமும் சொன்னதில் எங்கள் தெருவில் நடந்த சண்டையை இங்கே எழுதினால் கடிதம் நீண்டுவிடும். வாக்கியம் பழைய சூத்திரம், திருக்கணிதம் இன்றைய கணக்கு என்று என் பெண் தெருமுனையில் நின்று விளக்கினாள். யாரும் கேட்கவில்லை.

ஒரு கேள்வியில் இரண்டு பேருமே கோட்டை விட்டோம். மே மாதம் ஏன் இவ்வளவு வெயில் என்பது கேள்வி. பூமி அப்போது சூரியனுக்குப் பக்கத்தில் வருகிறது என்ற விடையை அழுத்தினோம். தப்பு. பூமி சூரியனுக்கு மிக அருகில் வருவது ஜனவரி முதல் வாரத்தில், சுமார் 14 கோடியே 70 லட்சம் கிலோமீட்டர். மார்கழிக் குளிரில் காதில் மப்ளர் கட்டி வண்டி எடுக்கும்போதுதான் சூரியன் நமக்கு மிகக் கிட்டத்தில் இருந்திருக்கிறது. ஜூலையில் 15 கோடியே 20 லட்சத்துக்கு விலகிவிடுகிறது. வெயிலுக்குக் காரணம் தூரம் இல்லை, பூமியின் 23.5 டிகிரி சாய்வு. ஏப்ரல் நான்காம் வாரத்தில் எங்கள் ஊரில் நடுப்பகல் சூரியன் நேர் உச்சிக்கு வரும். தேர்வுக்கு முன்பு அந்த நாட்களில் மாடியில் ஒரு பாட்டிலை நிறுத்தி வைத்தோம். 12 மணி தாண்டிச் சில நிமிடத்தில் நிழல் சுருங்கிப் பாட்டிலின் காலடிக்குள் போய்விட்டது. என் மனைவி வடாம் காயவைத்த கையோடு அதைப் பார்த்துவிட்டு, "இதுக்கா ரெண்டு பேரும் மூணு மாசமா ராத்திரி தூங்கல?" என்றார்.

இனி, எங்கள் மலைமேல் வானாய்வகம் இருக்கும் காவலூர்.

எட்டாவது வாரப் பாடம் யுரேனஸ். அதற்கும் வளையம் உண்டு, 1977 மார்ச் 10-ஆம் தேதி இரவில் கண்டுபிடிக்கப்பட்டது என்று ஆசிரியர் சொன்னார். யுரேனஸ் ஒரு நட்சத்திரத்தின் முன்னால் கடந்து போகவிருந்தது. கோள் மறைப்பதற்கு முன்பே, வளையங்கள் குறுக்கே வந்ததில், நட்சத்திரம் விட்டுவிட்டு மங்கியது. வானத்தில் பறந்துகொண்டே பார்த்த அமெரிக்காவின் கைப்பர் விமான ஆய்வகம் அதைப் பதிவு செய்தது. அத்தோடு பாடத்தில் அடுத்த படம் வந்துவிட்டது.

நான் போனை நிறுத்தினேன். அதே இரவில் காவலூரில் இருந்த, ஒரு மீட்டர் அகலக் கண்ணாடி கொண்ட தொலைநோக்கியிலும் அந்த நட்சத்திரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் பக்கத்தில் இதைக் காதால் கேட்டு வளர்ந்தவர்கள் உண்டு. மகள் தேடிப் பார்த்து உறுதி செய்தாள். ஜே.சி. பட்டாச்சார்யாவும் கே. குப்புசாமியும் அங்கே நட்சத்திரம் மங்கியதைப் பதிவு செய்து, யுரேனஸுக்குப் புதிய துணைக்கோள் ஒன்று இருப்பதாக 1977-லேயே 'நேச்சர்' இதழில் எழுதியிருக்கிறார்கள். மற்ற இடங்களின் பதிவுகளும் சேர்ந்த பிறகுதான் அது துணைக்கோள் இல்லை, வளையம் என்று தெளிவாயிற்று. துணைக்கோள் என்று நினைத்தது தப்புதான். மங்கியதைப் பார்த்தது தப்பு இல்லையே. அன்று நான் எட்டாம் வகுப்பு. மலைக்குக் கீழே குறட்டை விட்டுத் தூங்கியிருப்பேன். பிறகு எத்தனை வருடம் காவலூர் நிறுத்தத்தில் ஆளை இறக்கி ஏற்றியிருக்கிறேன்! மரங்களுக்கு மேலே தெரியும் குவிமாடத்தைப் பார்த்து, "என்னமோ வெதர் ஆபீஸ்" என்று ஒரு பயணியிடம் விளக்கியும் இருக்கிறேன். அவர் எங்கிருந்தாலும் மன்னிக்க வேண்டும்.

பாடத்தில் கேள்வி கேட்பதற்கென்று ஒரு பகுதி உண்டு. மகளிடம் ஆங்கிலத்தில் எழுதச் சொல்லி, காவலூரை ஏன் விட்டீர்கள் என்று கேட்டேன். இரண்டு நாளில் பதில் வந்தது. சொல்லியிருக்க வேண்டும், சுட்டிக்காட்டியதற்கு நன்றி என்று எழுதி, 1972-ல் வியாழனின் துணைக்கோளான கானிமீடுக்கு மெல்லிய வளிமண்டலம் இருப்பதற்கான அடையாளம் இதே காவலூரில் கிடைத்ததையும், 1988-ல் அங்கே கண்டுபிடித்த குறுங்கோளுக்கு ராமானுஜன் பெயர் வைத்ததையும் சேர்த்திருந்தார் ஆசிரியர். பதிவு செய்த வீடியோ வாய் திறந்து பதில் சொல்லாது என்று அந்த வாசகர் எழுதியிருந்ததற்காக இதைச் சொல்கிறேன். வகுப்பறையில் கேட்டிருந்தாலும் இரண்டு நாளில் பதில் வந்திருக்குமா, தெரியாது.

காப்பி நடப்பதையும் மறைக்கப் போவதில்லை. வாராவாரம் வைக்கும் வினாடிவினாவின் விடைகள் மாணவர்களின் வாட்ஸ்அப்பில் சுற்றுகின்றன. மகளின் போனிலேயே வந்தது. பார்த்தேன். அதில் இரண்டு விடை தப்பாக இருந்தது வேறு கதை. ஆனால் எங்கள் பாடத்தில் வார வேலைக்கு மொத்தம் 25 மதிப்பெண்தான். மீதி 75 நேரில் எழுதும் தேர்வுக்கு. அதில் தனியாக 30 வாங்கவில்லை என்றால், வாட்ஸ்அப் 25-ஐயும் வாங்கிக் கொடுத்தாலும் பாஸ் இல்லை.

தேர்வு வேலூரில். வாசலில் நின்ற காவலாளி என்னைத் தடுத்து, "பேரன்ட்ஸ் எல்லாம் அந்த வேப்பமரத்துக்கிட்ட நில்லுங்க சார்" என்றார். ஹால் டிக்கெட்டைக் காட்டினேன். என்னைப் பார்த்தார், போட்டோவைப் பார்த்தார், பிறகு எதற்கென்று தெரியவில்லை, சல்யூட் அடித்தார். உள்ளே கைப்பை, போன், வாட்ச் எதற்கும் அனுமதி இல்லை. மூன்று மணி நேரம் கம்ப்யூட்டர் முன்னால். எனக்கு மௌஸ் கைக்கு அடங்கவில்லை, ஒரு கேள்வியில் கர்சரை உருட்டி நிறுத்துவதற்குள் கை வியர்த்துவிட்டது. வெள்ளி ஏன் புதனைவிடச் சூடு என்ற கேள்வி வந்தது. கார்பன் டை ஆக்சைடு நிறைந்த வளிமண்டலம் வெப்பத்தை வெளியே விடாமல் பிடித்து வைப்பதால் அங்கே 460 டிகிரி. மத்தியானம் ஷட்டர் எல்லாம் இறக்கி டிப்போவில் நிறுத்திய பஸ்ஸுக்குள் ஏறிய எவனும் அந்தக் கேள்வியைத் தப்பாகப் போட மாட்டான்.

எனக்கு 60 மதிப்பெண். மகளுக்கு 81. சான்றிதழை லேமினேட் செய்து சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டினார் என் மனைவி. எனக்குக் கிரெடிட் தேவையில்லை. நான் அதை எந்தப் பணிமனையில் போய்க் கொடுப்பது? மகளுக்குத் தேவை. கடிதமே அதற்காகத்தான்.

ஜனவரியில் சேரும்போதே அவள் துறையில் கேட்டாள். "எடும்மா, விருப்பப் பாடத்துக்குப் பதிலா வச்சுக்கலாம்" என்றார்கள். வாயால் சொன்னது. ஜூனில் மதிப்பெண் வந்து சான்றிதழைக் கொண்டு போனபோது, இந்தப் பாடம் பாடத்திட்டக் குழு ஒப்புதல் கொடுத்த பட்டியலில் இல்லை என்றது அலுவலகம். பட்டியல் எங்கே என்று கேட்டாள். அது இனிமேல்தான் வரும் என்றார்கள். இல்லாத பட்டியலில் இவள் பாடம் இல்லை. இரண்டு வாரம் கழித்துப் போனால், மதிப்பெண் விவரம் பல்கலைக்கழகத்துக்குப் போய்விட்டது, இனி சேர்க்க முடியாது என்றார்கள். ஆகஸ்ட்டில் மூன்றாவது ஆள், வானியல் உன் துறைக்குச் சம்பந்தமே இல்லையே என்று கேட்டிருக்கிறார். இயற்பியல் துறைப் பெண்ணிடம்! இப்போது அந்த 3 கிரெடிட்டுக்காக அவள் இந்த செமஸ்டரில் வேறொரு விருப்பப் பாடத்தைக் கூடுதலாகப் படிக்கிறாள். அந்தப் பாடத்துக்கு இதுவரை நடந்த வகுப்புகளைக் கை விரலில் எண்ணிவிடலாம். இதற்குக் கிரெடிட் உண்டு, யாரும் கேள்வி கேட்கப் போவதில்லை.

விதியைப் படித்துப் பார்த்தேன். ஓட்டுநர் வேலையில் மெமோவுக்குப் பதில் எழுதிப் பழகியவர்களுக்கு விதி படிப்பது கஷ்டமில்லை. ஸ்வயத்தில் பெற்ற கிரெடிட்டை எந்தப் பல்கலைக்கழகமும் மாற்ற மறுக்கக் கூடாது என்று 2016-லேயே பல்கலைக்கழக மானியக் குழு விதிமுறை கொண்டுவந்தது. அப்போது ஒரு செமஸ்டரின் மொத்தப் பாடத்தில் 20 சதவீதம் வரை என்று இருந்த வரம்பை 2021-ல் 40 சதவீதமாக உயர்த்தினார்கள். கிரெடிட்டைச் சேமித்து வைக்க வங்கி மாதிரி ஒன்றையும் அதே ஆண்டில் தொடங்கினார்கள். மேலே இவ்வளவு அகலமாக ரோடு போட்டிருக்கிறார்கள். கல்லூரி அலுவலக வாசலில் வந்து ஒரு கேட், அதற்குச் சாவி யாரிடம் என்று கேட்டால் ஆளுக்கு ஒரு திசையைக் காட்டுகிறார்கள்.

வெளிநாட்டு உதாரணம் ஒன்றும் சொல்கிறேன், மகள் காட்டியது. அமெரிக்காவில் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகம் 2015-ல், உலகில் யார் வேண்டுமானாலும் முதலாண்டுப் பாடங்களை இணையத்தில் படித்துக் கிரெடிட் வாங்கலாம் என்று எட்எக்ஸ் தளத்தோடு சேர்ந்து ஒரு திட்டம் தொடங்கியது. அதில் முதலில் வைத்த பாடம் எது தெரியுமா? இதே சூரியக் குடும்ப வானியல் அறிமுகம்தான். ஆளை அடையாளம் காட்ட 45 டாலர். பாஸ் ஆன பிறகு, கிரெடிட் வேண்டுமென்றால் மட்டும், கிரெடிட்டுக்கு 200 டாலர் வரை கட்டினால் போதும் என்று அப்போது வைத்திருந்தார்கள். வேண்டாமென்றால் படித்தது லாபம். அங்கேயும் முதல் கட்டப் பாடங்களில் பதிவு செய்த 34,000-க்கும் மேற்பட்டவர்களில் கிரெடிட்டுக்குத் தகுதி பெற்றவர்கள் ஒரு சதவீதம்கூட இல்லை. சேருவது சுலபம், கடைசி வாரம் வரை உட்காருவதுதான் கஷ்டம் என்பது எந்த ஊரிலும் ஒன்றுதான் போல. அந்தப் பணம் நமக்குக் கட்டுப்படியாகாது, ரூபாயில் கணக்குப் போட்டால் தலை சுற்றும். நான் கவனித்தது வேறு. கடைசிவரை உட்கார்ந்து பாஸ் ஆனவனுக்கு என்ன கிடைக்கும் என்பதை முதல் நாளே எழுதி வைத்துவிட்டார்கள். எங்கள் வீட்டில் 1,000 ரூபாயும் 12 வாரமும் கட்டிய பிறகு ஜூனில் விலை பேசுகிறார்கள்.

நான் கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை. செமஸ்டர் தொடங்கும் முன்பே, எந்தெந்தத் துறைக்கு எந்தெந்த ஆன்லைன் பாடம் ஏற்கப்படும், எதற்குப் பதிலாக, எத்தனை கிரெடிட் என்று ஒரு தாள் அடித்து, கல்லூரி முதல்வர் கையெழுத்தோடு நோட்டீஸ் போர்டில் ஒட்டுங்கள். ஏற்கமாட்டோம் என்றாலும் அதையே ஒட்டுங்கள். பஸ்ஸில் போர்டு மாட்டாமல் ஆளை ஏற்றிவிட்டு, பாதி வழியில் இது அந்த ஊர் போகாது என்று நான் சொல்லியிருந்தால் அன்றைக்கே சஸ்பெண்ட் செய்திருப்பார்கள். உயர்கல்வித் துறை ஒரு சுற்றறிக்கை விட்டால் ஒரு வாரத்தில் முடிகிற வேலை.

இன்னொன்று, இது ஆசை மட்டும்தான். எங்கள் மாவட்டத்துக் கல்லூரிகளில் வானியல் பாடம் எடுக்கும் பிள்ளைகளை ஓர் இரவு காவலூருக்கு அழைத்துப் போங்கள். என் மகள் யுரேனஸின் வளையத்தைப் பற்றி எழுதி முழு மதிப்பெண் வாங்கினாள். ஆனால் அந்தத் தொலைநோக்கி இருக்கும் மலையடிவாரத்திலேயே பிறந்து வளர்ந்தும் ஒரு தடவைகூட உள்ளே போனதில்லை. வண்டிக்கு ஆள் வேண்டுமென்றால் சொல்லுங்கள், ஹெவி லைசென்ஸ் இன்னும் கையில் இருக்கிறது. மேலே ஏறும்போது எந்த வளைவில் லைட்டைத் தாழ்த்த வேண்டும் என்பதும் தெரியும்.

கடிதத்தை வெளியிட்டால் என் பெயரையும் கல்லூரி எது என்று தெரியும்படியான விவரத்தையும் தயவுசெய்து போட வேண்டாம். மகளுக்கு இன்னும் ஒரு செமஸ்டர் பாக்கி இருக்கிறது.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற ஓட்டுநர் ஒருவர்,
ஆலங்காயம், திருப்பத்தூர் மாவட்டம்.